பத்துக்கு எவ்வளவு?

"இதுல ஸ்டெப்னி இருக்குங்களா?"

நான்காவது முறையாக வந்திருந்தான் அறிவுச்செல்வன். திண்டிவனத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு வாத்தியார். விழுப்புரம் கார் ஷோரூமில் சேர்ந்து ஐந்தே மாதமான தேவயானிக்கு, அவனைக் கண்டாலே பயம். கேள்வி... கேள்வி... கேள்வி! ஆனால் கேள்வி கேட்கும்போதும் அந்தக் கண்கள் சிரித்துக்கொண்டே இருக்கும். அதுதான் பெரிய தொல்லை.

"இருக்கு சார்!" என்றாள் சட்டென்று.

"பார்த்துட்டுச் சொல்றீங்களா... பார்க்காமயா?"

"பார்க்காமயா விக்கிறோம்?"

"கோவப்படாதீங்க. தெரியலன்னா தெரியலன்னு எழுதுங்கடான்னு என் பசங்ககிட்டயே சொல்லிக்கினு இருக்கேன். அதுக்கு அரை மார்க் உண்டு."

"உங்க அரை மார்க்கு இங்க யாருக்கு வேணும்? இருக்குன்னா இருக்கு!"

வெள்ளிக்கிழமை வண்டி எடுத்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. அவன் அம்மா ஜெயம்மாள் முன்சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை திருவக்கரைக்குப் போறோம்மா. காலையிலயே அம்மன்கிட்ட வண்டிக்குப் பூசை."

தேவயானி ஜன்னல் பக்கம் குனிந்து தயங்கினாள். "சார்... கம்பெனியிலேர்ந்து போன் வரும். வித்தவங்களுக்கு வண்டியைப் பத்தி எவ்ளோ தெரியும், பத்துக்கு எவ்ளோன்னு கேப்பாங்க. பத்துன்னு சொல்லிடுங்க. ஒம்பது சொன்னாக்கூட எங்களுக்கு முட்டைதான். அடுத்த மாசம் என்னை நிரந்தரம் பண்றதே அந்த மார்க்கை வெச்சுத்தான்..."

"நான் யாருக்கும் முழு மார்க் போட்டதே இல்லீங்களே!"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். பாவி!

ஞாயிற்றுக்கிழமை காலை. வானம் மூட்டமாக இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் அறிவுச்செல்வன் எடுத்த அதே மாடல் வண்டியின் டிக்கியைத் திறந்து வைத்திருந்தார் மெக்கானிக் தாண்டவராயன். உள்ளே கேஸ் சிலிண்டர் மட்டும் கொழுகொழுவென்று படுத்திருந்தது.

"அண்ணே... ஸ்டெப்னி எங்கே?"

"கேஸ் வண்டிக்கு ஏதும்மா ஸ்டெப்னி? பெட்ரோல் வண்டிக்குத்தான் உண்டு. இதுக்குக் காத்தடிக்க ஒரு பம்பு குடுப்பான், அவ்ளோதான்."

தேவயானி மனப்பாடம் செய்தது எல்லாம் பெட்ரோல் மாடல்! திருவக்கரை போகும் வழியில் மயிலம் தாண்டினால் பஞ்சர் கடைகூடக் கிடையாது. வயதான அம்மாவோடு நடுவழியில் நின்றுவிட்டால்...

அவனுக்குப் போன் போட்டாள். கிடைக்கவில்லை. மேனேஜர் பிரேம்குமாரிடம் ஓடினாள்.

"சர்வே போன் முடியற வரைக்கும் வாயைத் தொறக்காத. கேட்டா, நான் சொல்லவே இல்லன்னு சாதிச்சிடு. மார்க் போச்சுன்னா உன் வேலையும் போச்சு!"

சாதிக்கலாம்... யார் சாட்சி? ஆனால் அந்தச் சிரிக்கும் கண்கள் ஒருமுறை கோபத்தோடு தன்னைப் பார்த்தால் தாங்க முடியாது என்று ஏனோ தோன்றியது.

தாண்டவராயனிடம் கெஞ்சி ஒரு சக்கரத்தை வாங்கினாள். ஸ்கூட்டியில் காலடியில் கிடத்தினாள். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இமையில் தண்ணீர்... வண்டி மட்டும் நிற்கவில்லை.

மயிலத்துக்கு அப்பால் ஒரு புளியமரத்தடியில் அந்த வெள்ளைக் கார். டிக்கி திறந்திருந்தது. பக்கத்தில் ஜாக்கி. அவளுக்கு உயிரே போய்விட்டது.

"சார்! மன்னிச்சிடுங்க... ஸ்டெப்னி இல்ல சார், தெரியாமலே இருக்குன்னு சொல்லிட்டேன்... சக்கரம் கொண்டாந்திருக்கேன்!"

சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்த அறிவுச்செல்வன் நிமிர்ந்தான். கை நிறையக் கருப்பு. கடைசி நட்டை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"பஞ்சர்தான், ஸ்டெப்னி மாட்டியாச்சுங்க. வண்டி எடுத்த அன்னிக்கே டிக்கியைத் திறந்து பார்த்தேன். மறுநாளே திண்டிவனத்துல ஒண்ணு வாங்கிட்டேன்."

காருக்குள்ளிருந்து ஜெயம்மாள் குரல் கொடுத்தாள். "பின்சீட்டுல அந்தச் சக்கரம் என்னைக் காலை நீட்ட விடாம பேஜாரு பண்ணிக்கினு வந்துச்சும்மா! இப்பத்தான் நிம்மதி!"

அப்பாடா... தேவயானிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அப்போ... ஏன் என்னைத் திட்டல?"

பதில் வருவதற்குள் அவன் போன் அடித்தது. கம்பெனி சர்வே! ஸ்பீக்கரில் போட்டான். ஒரு பெண் குரல். மற்ற கேள்விகளெல்லாம் முடிந்தன. "வித்தவங்களுக்கு வண்டியைப் பத்தி எவ்வளவு தெரியும் சார்? பத்துக்கு எவ்வளவு?"

"உள்ளதைச் சொல்லுங்க சார்," என்றாள் தேவயானி மெல்ல. வேலை போனால் போகட்டும்.

அவன் அவளைப் பார்த்தான். மழை சொட்டும் முகம்... காலடியில் சேறு பூசிய சக்கரம்.

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல மழையில முப்பது கிலோமீட்டர் வந்திருக்காங்கம்மா. பத்து!"

போனை வைத்தான்.

"முழு மார்க் போட மாட்டேன்னீங்களே..."

"இதான் முதல் தடவை."

"எனக்கு இன்னொண்ணும் தெரியாது சார். கார் ஓட்டத் தெரியாது."

"நானும் ஒண்ணு ஒத்துக்கணும்." அவன் பார்வை முதல்முறையாகத் தடுமாறித் தரைக்குப் போயிற்று. "எந்த வண்டின்னு வந்த முதல் நாளே முடிவு பண்ணிட்டேன். மீதி மூணு தடவை வந்தது... வண்டி பார்க்க இல்லீங்க."

மழை விட்டிருந்தது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

"டேய் செல்வா!" காரின் கதவு திறந்தது. "அவளையும் ஏத்திக்கினு வாடா, பூசைக்கு நேரமாவுது. ஸ்கூட்டியும் சக்கரமும் இங்கயே இருக்கட்டும், திரும்பி வர்றப்ப எடுத்துக்கலாம். பின்சீட்டுல இப்ப எடம் இருக்குதில்ல!"