அம்பு தைத்த இடம்

குறுக்குவில் கனக்கவில்லை. காலையிலிருந்து ஏறிக்கொண்டிருந்த அஃபூவுக்கு அதுதான் உறுத்தியது.

முசுக்கட்டை மரத்தில் செய்த வில். முதுகில் சாய்த்து மாட்டி நூ ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து மூங்கில்காடு வரை ஏறினால், சணல் வார் இடது தோளை ரம்பம் போல அறுக்கும். இந்த வேட்டைப் பருவம் முழுக்க ஒரே இடத்தில் அறுத்து அறுத்து, சட்டையும் கிழிந்து, தோளும் புண்ணாகி, பொருக்குத் தட்டி, மறுநாள் பொருக்கும் பிய்ந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. இன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. வில் இருக்கிறதா, வழியில் நழுவி விழுந்துவிட்டதா என்று அடிக்கடி கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்தான். இருந்தது.

"என்ன மாப்ள, தடவித் தடவிப் பாக்குற? வில்லா, பொண்டாட்டியா?" முன்னால் போன தாவூ திரும்பாமலே கேட்டான். அஃபூவின் மனைவிக்கு அண்ணன் அவன்.

"வார் இன்னிக்குக் கடிக்கல மச்சான்."

"என் தங்கச்சியும் கடிக்காம இருந்தான்னா நீ குடுத்து வச்சவன்தான். நட."

வார் ஏன் கடிக்கவில்லை என்பதை அஃபூ சொல்லவில்லை.

போன வேட்டையில் ஒரு கேளையாடு, நாய் போலக் குரைக்கும் சிறுமான், விழுந்தது. வழக்கம்போலப் பெரணி இலையை ஒடித்துத் தரையில் விரித்து, அதில் ஆட்டைக் கிடத்தினார்கள். வேறெங்கும் கத்தி படுவதற்கு முன்னால் அம்பு தைத்த இடத்தில் முஷ்டியை வைத்து, அந்த அகலத்துக்குத் தோலும் கறியுமாக வட்டமாக அறுத்து எடுத்துவிட வேண்டும். அம்பு முனையில் வச்சநாபி விஷம். கறி முழுக்கக் கெடாமலிருக்க அப்படி. அறுத்த துண்டு மலைக்குச் சொந்தம், மனுசன் வைத்துக்கொள்ளக் கூடாது. தோல் கீழே பார்க்கப் புதைத்துவிடுவார்கள். நாய் மோந்தால்கூட உதை விழும். புதைக்கும் வேலை அன்றைக்கு அஃபூவுடையது.

குளிர்காலத் தோல். விரல் வைத்தால் புதைந்தது. அவன் தோளோ நெருப்பாய் எரிந்தது. அது மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான். மகள் மீலே இன்னும் நடக்கப் பழகவில்லை. அவனுடைய இடது தோளில் கன்னத்தை வைத்தால்தான் தூங்குவாள். புண்ணில் அவள் முகம் பட்டதும் அவன் முனகுவான், அவள் விழித்து அழுவாள். அதனால் கறியைச் சுரண்டிப் புதைத்துவிட்டு, தோலை ஓடையில் அலசி, சாம்பல் தேய்த்து, வாரின் அடியில் வைத்துத் தைத்துக்கொண்டான். ரோமம் புண்ணில் குத்தியது. வழவழப்பான உள்பக்கத்தை உடம்புப் பக்கமாகத் திருப்பிவிட்டான். நடுவில் அம்பு போட்ட ஓட்டை அப்படியே இருந்தது.

மூடுபனி இறங்கியது. ஈரமூங்கில் வாசனைக்கு நடுவே இன்னொரு நாற்றமும் கூடவே வந்தது. குழந்தை கக்கிய பால் துணியில் காய்ந்து புளித்த மாதிரி, அடியில் கொஞ்சம் கொழுப்புச் சிக்கு. அவன் நின்றால் அதுவும் நின்றது. இந்தக் குளிரில் எங்கிருந்தோ ஒரு ஈ வந்து தோளில் உட்கார்ந்தது. விரட்டினான். திரும்ப வந்து ஓட்டைக்குள் இறங்கியது. வெளியே வரவில்லை.

தோல்மெத்தை சூடாக இருந்தது. வியர்த்திருந்தது.

சரிவுக்குக் கீழே கேளையாடு நாய் போலக் குரைத்தது. தாவூ குந்தி உட்கார்ந்து கையால் சாடை காட்டினான். அஃபூ வாரைப் பிடித்துத் தூக்கினான். வில் வரவில்லை. இன்னும் இழுத்தான். தோள்தோல் கூடவே எழும்பிக் கூடாரம் போல நின்றது. வலிக்கவில்லை.

கத்தியை எடுத்துச் சணலை முன்னும் பின்னும் அறுத்தான். வில் சருகில் தொப்பென்று விழுந்தது. ஆடு ஓடிவிட்டது.

மெத்தை தோளிலேயே இருந்தது.

மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி அதன் ஓரத்தை நகத்தால் தேடினான். ஓரம் இல்லை. அவன் தோல் எங்கே முடிகிறது, ஆட்டுத்தோல் எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குப் பிடிபடவில்லை. ஓட்டையில் விரல் தட்டுப்பட்டது. உள்ளே போனது. எலும்பு இடிக்க வேண்டும். இடிக்கவில்லை. இன்னும் போனது. வெதுவெதுப்பு. கூழ். ஏதோ விரலை லேசாகச் சப்பியது.

பிடுங்கினான். தேன் நிறத்தில் நூல்நூலாக ஒழுகியது. ஈயின் இறக்கை ஒன்று அதில் ஒட்டியிருந்தது. விரல் நுனி மரத்துப்போனது. வச்சநாபி. பாசியில் தேய்த்தான். நாற்றம் போகவில்லை. காலையில் குடித்த சோளக்கஞ்சி முழுக்க வாந்தியாக வந்தது.

"வில்லக் கீழ போட்டுட்டு இங்க வந்து கக்கிட்டிருக்கியா? கைக்கு வந்த ஆடுடா..." என்று வந்த தாவூ தோளைப் பார்த்தான். மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"புதைக்கச் சொன்னேன்ல."

"தோல் வீணாப் போகுதேன்னு மச்சான்."

"அது நம்ம தோலாடா?"

"அறுத்து எடுத்துரு. இதோட நான் வீட்டுக்குப் போக முடியாது. புள்ள இதுலதான் மூஞ்சிய வச்சுத் தூங்குவா."

தாவூ முஷ்டியை அவன் தோளில் வைத்து அளந்தான். கத்தி முனையால் சுற்றிலும் கோடு போட்டு ஆழமாக இறக்கினான். தோல் கிழியும் நறநறப்பு காதுக்குள் கேட்டது. அவ்வளவுதான். ரத்தம் அதிகமில்லை. இருந்ததும் பழுப்பு.

துண்டு கீழே விழுந்தது. தாவூ குச்சியால் புரட்டினான். ரோமம், அதற்கடியில் கொழுப்பு, அதற்கடியில் கனத்த கறி. அஃபூ சுரண்டிப் புதைத்த அதே கருஞ்சிவப்புக் கறி.

தோல் கீழே பார்க்கப் புதைத்து மிதித்தார்கள்.

"முடிஞ்சுதா மச்சான்?"

தாவூவின் கண் அஃபூவின் நெஞ்சில் இருந்தது. காற்று வீசியது. அஃபூ குனிந்தான். அறுத்த இடத்துக்குக் கீழே, மார் வரைக்கும், ரோமம் காற்றில் படிந்து எழுந்தது. நடுவில் ஒரு ஓட்டை. ஈரமாக.

தாவூ அதன்மேல் முஷ்டியை வைத்தான். எடுத்தான். விலாவில் வைத்தான். கழுத்தில் வைத்தான். எங்கும் ரோமம். பிறகு அளப்பதை விட்டுவிட்டான். கத்தியைக் கால்சட்டையில் இரண்டு பக்கமும் துடைத்தான்.

"பாப்பாவ நான் பாத்துக்கறேன் மாப்ள."

எங்கும் வலியில்லை. உடம்பு முழுக்க லேசாக, சுகமாக இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தான் அஃபூ. நாக்கு மரத்திருந்தது.

தாவூ அவன் முகத்தைப் பார்க்காமல் பெரணி இலைகளை ஒடித்துத் தரையில் விரிக்கத் தொடங்கியிருந்தான். ஒரு வரிசை. அதை ஒட்டி இன்னொன்று. விரிப்பு கேளையாட்டின் நீளத்தைத் தாண்டியது. தாவூ இன்னும் ஒடித்துக்கொண்டிருந்தான்.