குட்டி தேடிய பனி

தொண்ணூற்றேழாம் ஆண்டு தை மாதம், மைத்துனர் ஜேசுரட்ணம் ஸ்டுட்கார்ட்டிலிருந்து குடும்பத்தோடு அந்தக் குளிர்தேச நகருக்கு வந்திறங்கியபோது அலோசியஸ் வசமாக மாட்டுப்பட்டார். மிருகக்காட்சிச்சாலையில் பனிக்கரடி பராமரிப்பதாகச் சொந்தக்காரரிடம் பெரிதாக அளந்து வைத்திருந்தார். மனைவி கொறற்றிகூட அதை நம்பியிருந்தாள். உண்மையில் அவருக்கு அங்கே தரை கழுவும் வேலை.

"கரடியைக் காட்டன் மச்சான். உன்ரை பிள்ளை மாதிரியெண்டு சொன்னனி."

தாய்க்கரடி குட்டி ஈன்று, குகைபோல் கட்டிய இருட்டறைக்குள் கிடந்தது. பராமரிப்பாளர் யூலியா எல்லோருக்கும் சொல்லியிருந்தாள்: வடதுருவத்தில் தாய் பனிமேட்டைக் குடைந்து, அந்தக் குகைக்குள் குட்டி ஈனும். மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். குட்டி நடக்கத் தொடங்கியதும், கடல் உறைந்திருக்கும்போதே அதைக் கூட்டிக்கொண்டு பனிப்பரப்பில் இறங்கி, சீல் பிடித்துத் தின்னும். அதுவரை குகையை யாரும் நெருங்கக் கூடாது.

ஒரு நிமிடம்தானே என்று அலோசியஸ் கதவைத் திறந்தார். மைத்துனரின் கமரா பளிச்சென்று மின்னியது.

மறுநாள் காலை, குகைச் சத்தம் கேட்க வைத்திருந்த ஒலிபெருக்கி ஊமையாக இருந்தது. மிரண்டுபோன தாய் குட்டியைக் கொன்று தின்றுவிட்டது. தான்தான் எங்கோ பிழைவிட்டதாக யூலியா அழுதாள். அலோசியஸ் கதவைத் திறந்த கதையை மறைத்தார். இரத்தம் பட்ட வைக்கோலைக் கூட்டி அள்ளினார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

தாயை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். ஒலிபெருக்கியின் வயரையும் கழற்றினார்கள்.

மாசியில் ஒரு பகல், அந்த ஒலிபெருக்கி முனகியது.

பால் குடிக்கும் குட்டியின் விடாத முனகல்.

குகைக்குள் எட்டிப் பார்த்தார். வெறுந்தரை. தொட்டால் இளஞ்சூடு. பால் மணம்.

வாசலிலிருந்து ஈரமான சின்னக் காலடிகள் கரடிக்குளத்துக்குப் போயிருந்தன. அந்த வாரத்து வெயிலில் குளத்துப் பனி முழுவதும் உருகியிருந்தது. கரையில் அவை திரும்பியிருந்தன.

அவர் நின்ற பக்கம்.

யூலியாவிடம் சொல்லிவிடத்தான் போனார். அவள் முகத்தைக் கண்டதும் வெட்கத்தில் திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்துவிட்டார்.

கொறற்றி குசினியில் நின்றாள். பிரிட்ஜை ஏன் திறந்து போட்டுவிட்டுப் போனீர்கள் என்று கேட்டாள். அவர் திறக்கவேயில்லை. ஐஸ் பெட்டிக்குள் படிந்திருந்த பனியில் சின்னச் சின்ன நகக்கீறல்கள்.

அன்றைக்கு மூடியே வைத்திருக்க வேண்டிய கதவை நினைத்துக்கொண்டு, இதைச் சத்தமில்லாமல் மூடினார்.

கொறற்றி அதில் காதை வைத்துக் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள் மெதுவாக. "நீங்கள் கரடி பாக்கிற ஆள்தானே. உள்ளுக்கை முனகிறது என்ன?"