படுத்த நெஞ்சின் கணக்கு

இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து இரண்டு நெஞ்சுகளைத் திறந்து மூடியாகிவிட்டது. வெட்டியதும் தைத்ததும் இயந்திரத் தையற்கைகள்தான். ஆனால் அவற்றை ஏவிக்கொண்டு நாலரை மணி நேரம் குனிந்து நின்றது டாக்டர் பொற்கொடியின் ஐம்பத்தெட்டு வயது இடுப்பு. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்ததால் அவள் உட்காரவில்லை. நின்றபடியே டீயைக் குடித்துவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு மூன்றாவது நோயாளியிடம் கேள்வி வாங்கப் போனாள்.

அறுத்தெடுத்த கட்டியை ஆய்வுக்கு வைத்துக்கொள்ளும் மருத்துவர், கட்டியைக் கொடுத்தவருக்கு ஒரு பதில் தர வேண்டும். இருபத்தேழு வருடங்களாக அதுதான் சட்டம். மயக்க ஊசிக்கு முன்னால் நோயாளி ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். மருத்துவர் அதைத் தன் கையால் எழுதிப் படித்துக் காட்ட வேண்டும். ஆராய்ந்து கண்ட பதிலை, கேட்டவருக்குப் புரிகிற பேச்சில், ஒரே வரியில் சொல்ல வேண்டும். கேள்வி கைமாறாது; வாங்கியவரேதான் பதில் சொல்ல வேண்டும். பொற்கொடி இதுவரை இருநூற்றுப் பதினொரு கேள்வி வாங்கியிருந்தாள். பீடியே தொடாத எனக்கு ஏன் வந்தது, என் மகளுக்கும் வருமா, இருமினால் தையல் பிரியுமா. அவளுடைய ஆராய்ச்சி வாழ்க்கை என்பது இந்தக் கேள்விகளின் பின்னால் ஓடிய ஓட்டம்தான். வரும் வெள்ளிக்கிழமை, தூள் நெஞ்சை எவ்வளவு கெடுக்கும் என்று அளக்க அவள் உருவாக்கிய மூச்சுத்தட்டை நாடு முழுவதற்கும் அளவுகோலாக ஏற்கப்போகிறார்கள்.

மூன்றாவது நோயாளி சாத்தையா. நாற்பத்தொரு வயது. முதுகுளத்தூர் பக்கம் தகட்டுக்களத்தில் வேலை. போன தலைமுறை வயல்வயலாக நட்டுவைத்த சூரியத் தகடுகளை உடைத்து வெள்ளியைப் பிரிக்கிற களம் அது. இயந்திரம் உடைத்தால் வெள்ளி கண்ணாடியோடு கலந்துவிடும் என்பதால் இன்றும் மனிதக் கைதான் உடைக்கிறது. உடைக்கும்போது பறக்கும் தூள் சாத்தையாவின் நுரையீரல் உறையில் ஒரு கட்டியை வளர்த்திருந்தது.

"கேள்வி யோசிச்சு வச்சிருக்கீங்களா, சாத்தையா?"

"எனக்கென்னம்மா கேள்வி. எங்க களத்துக்குத்தான் நீங்க முன்னாடியே பதில் சொல்லிட்டீகளே."

"எப்ப?"

"ஒம்பது வருசம் இருக்கும். எங்க களத்து இருளாயி அக்கா ஒங்ககிட்ட ஆப்பரேசனுக்கு வந்தப்பக் கேட்டுச்சுல்ல, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உடைச்சா நெஞ்சு தாங்கும்னு? ஆறு மணி நேரம்னு சொன்னீக. அன்னையிலருந்து ஆறு மணி நேரம் ஆனா களத்துல சங்கு ஊதும். அதுக்குப் பேரே டாக்டரம்மா சங்கு." சிரித்தான். சிரிப்பு இருமலாகி ஓய நேரம் பிடித்தது.

பொற்கொடி சிரிக்கவில்லை. "சங்குக்கு அப்புறமும் நின்னு உடைச்சீங்களா?"

"அந்தக்கா விட்டாத்தானே. விளக்குமாத்தத் தூக்கிக்கிட்டு வந்துரும், டாக்டரம்மா சொல்லத் தட்டுறியாடான்னு. சாகுற வரைக்கும் அப்பிடித்தான். ஒரு நா கூட ஆறைத் தாண்டுனதில்ல நான்."

அவள் கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். அவனுடைய நெஞ்சுப் படத்தை எடுத்து மறுபடி பார்த்தாள். அவள் கணக்குப்படி இந்த நெஞ்சில் இந்தக் கட்டி வந்திருக்கவே கூடாது. சன்னல் வரை போய்த் திரும்பினாள்.

"அந்த ஆறு மணிய எப்பிடித்தாம்மா கண்டுபிடிச்சீக?"

நுரையீரல் உறையின் ஒரு சீவலைத் தட்டில் உயிரோடு வைத்து, துருத்தியால் தூள்காற்று ஊதி, பல வருடச் சுவாசத்தைச் சில மாதங்களில் ஓட்டிப் பார்ப்பதைச் சொன்னாள்.

"துருத்தி எத்தன மூச்சு விடும்?"

"நிமிஷத்துக்குப் பதினாலு."

சாத்தையா நெஞ்சில் கை வைத்துத் தன் மூச்சை எண்ணிப் பார்த்தான். "இருவத்திரெண்டு கிலோ தகட்டத் தோள்ல வச்சு நடக்கையில யாரும்மா பதினாலு மூச்சு விடுவா? நாய் மாதிரியில்ல எளைக்கும். பதினாலு மூச்சு, இந்தா இப்பிடிப் படுத்துக் கெடந்தா விடலாம்."

முப்பது வருடத்தில் பொற்கொடி திறந்ததெல்லாம் படுத்த நெஞ்சு. பதினான்கு என்பது மயக்க இயந்திரத்தில் அவள் தினமும் வைக்கிற எண். அதே கைப்பழக்கத்தில் துருத்தியிலும் வைத்திருக்கிறாள். சுமை தூக்குகிற நெஞ்சு எப்படி ஏறி இறங்கும் என்று அவள் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

"இதோ வந்துடறேன்," என்று படியிறங்கினாள். இடுப்பு கத்தியது, அதைக் கேட்க நேரமில்லை.

கீழே ஆய்வுக்கூடத்தில் நூர்ஜஹான் இருந்தாள். தட்டுகளை இருபது வருடமாகப் பார்த்துக்கொள்பவள். பொற்கொடி சொன்னதைக் கேட்டதும் கணினியைத் திறந்து, மூச்சை முப்பத்துநான்காக மாற்றினாள். ஒவ்வொரு மூச்சையும் இரண்டு மடங்கு ஆழமாக்கினாள். தூளின் அளவு ஏறக்குறைய ஐந்து மடங்காக ஏறியது. ஆறு மணி நேரம் இருந்த இடத்தில் ஒன்றே கால் மணி நேரம் வந்து நின்றது.

"நானும் பக்கத்துலதானே நின்னேன்," என்றாள் நூர்ஜஹான். "எனக்கும் தோணலையே."

"பதிலைத் திரும்ப வாங்கணும்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் சும்மா இரு. ஏத்துக்கிட்ட பிறகு சத்தமில்லாமத் திருத்திக்கலாம்."

"இன்னிக்குச் செவ்வாய். இன்னும் மூணு நாள் அந்தச் சங்கை நம்பி உடைப்பாங்க."

"ஒன்பது வருஷம் உடைச்சிருக்காங்க. மூணு நாள்ல என்ன கெட்டுப்போகும்?"

"நீ போய் ஒரு மூணு நாள் உடைச்சிட்டு வந்து சொல்லு."

நூர்ஜஹான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஆத்திரப்படாம கேளு. முப்பத்தேழு பதில் இந்தத் துருத்தி மேல நிக்குது. ஒண்ணை எடுத்தா எல்லாம் ரத்து. உன் ஆய்வு உரிமம் அந்த நிமிஷமே போகும். அப்புறம் வெட்டிக்கிட்டு மட்டும்தான் இருக்கணும், கசாப்புக்காரி மாதிரி."

"வெட்டறதாவது ஒழுங்கா வருது."

கைக்கருவியில் திறந்த, பதிலைத் திரும்பப் பெறும் படிவத்தில் ஒரு வரிக்குத்தான் இடம். படுத்திருப்பவர் மூச்சை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன், ஆறு மணி நேரம் தவறு, ஒன்றே கால் மணிக்கு மேல் உடைக்காதீர்கள் என்று அதில் எழுதினாள். அனுப்பவில்லை. அனுப்பினால் உரிமம் போகும். உரிமம் இல்லாதவள் கேள்வி வாங்க முடியாது. கேள்வி வாங்குவதற்கு முன்பே அனுப்பிவிட்டால் சாத்தையாவுக்கு அவள் எந்தப் பதிலும் தர வேண்டியதில்லை. வசதிதான். படிவத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

சாத்தையாவிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

"அப்ப அந்தக்கா எங்கள வெரட்டி விட்டதெல்லாம் வீணா?"

"தப்பு அவங்களோடது இல்ல. என்னோடது."

"அது தெரியுதும்மா." குரலில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. "எழுதிக்கங்க. என்னக் கழிச்சு எங்க களத்துல நானூத்திப் பன்னெண்டு பேரு. ஒங்க ஆறு மணி நேரத்த நம்புன ஆளுக. அதுல யாரு யாரு நெஞ்சு இன்னும் கெடல? பேரு பேராச் சொல்லணும்."

"இன்னும் கொஞ்ச நேரத்துல என் உரிமம் போயிடும், சாத்தையா. தட்டு இருக்காது, உதவிக்கு ஆளுங்க இருக்க மாட்டாங்க."

"கேள்வி கைமாறாதும்மா. சட்டம் எங்களுக்கும் தெரியும்."

எழுதினாள். படித்துக் காட்டினாள். அவன் தலையை ஆட்டினான். அவன் எதிரிலேயே படிவத்தை அனுப்பினாள். அடுத்த நிமிடம் அவள் மார்பில் குத்தியிருந்த உரிமப் பட்டையின் பச்சை விளக்கு அணைந்தது. அறுவைக் கூடத்தில் மயக்க மருத்துவர் காத்திருந்தார்.

உறையோடு சேர்த்துக் கட்டியை முழுசாக எடுத்தாள். மூன்று மணி நேரம் ஆனது. வெளியே வந்தபோது நூர்ஜஹான் வாசலில் நின்றிருந்தாள்.

"களத்துலருந்து பேசுனாங்க. வேலையை நிறுத்திட்டாங்களாம். நாளைக்கு என்ன செய்யறதுன்னு தெரியல, பயங்கரக் கூச்சல்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு. உரிமம் இல்லாததால கட்டியை நாம வச்சுக்க முடியாது, எரிக்கத்தான் அனுப்பணும். கட்டி இல்லேன்னா கேள்வி செல்லாது. உரிமம் குடுக்கற மன்றத்துல கேட்டுட்டேன். நீ தப்பிச்ச."

"கேள்வியை வாங்கிட்டேனே, நூரு."

"வாங்குனா என்ன? சட்டப்படி நீ யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்ல."

பொற்கொடி நின்றபடியே கையுறையைக் கழற்றினாள். சாத்தையாவின் கேள்வியை எழுதிய காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். களத்துக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டாள். சாத்தையாவுக்கு அவள் நானூற்றுப் பன்னிரண்டு பேரைப் பற்றிய பதில் தர வேண்டும். இன்னும் ஒரு பெயரைக்கூட அவளால் சொல்ல முடியவில்லை.