பயமா இருக்கு என்று கத்திய தாத்தா

"விடுமுறைக்கு யார் யார் எங்கே போகிறீர்கள்?" என்று வகுப்பில் டீச்சர் கேட்டார். ஜெனிட்டா எழுந்து நின்றாள்.

"வெளிநாட்டில் இருக்கும் என் தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகிறோம்!"

அந்த வெளிநாடு சாத்தூர்.

ஜெனிட்டாவுக்குப் பத்து வயது. அவள் பிறந்ததும் வளர்வதும் அயர்லாந்தில். அம்மா ஹெப்சிபா அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அப்பா மெர்வின் பஸ் ஓட்டுகிறார். தம்பி ஜோபினுக்கு ஐந்து வயது. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது சாத்தூருக்குப் போனதுதான். அதற்குப் பிறகு இந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத்தான் எல்லோரும் கிளம்பினார்கள்.

விமானத்தில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி, காலையில் விருதுநகரில் இறங்கினார்கள். அம்மாவைப் பெற்ற ஞானசீலன் தாத்தாவும் ஜெபராணி பாட்டியும் அங்கேயே வந்து காத்திருந்தார்கள். தாத்தா வெள்ளை வேட்டி கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

ஜெனிட்டா மஞ்சள் ஜாக்கெட்டோடு ஓடினாள். தாத்தாவும் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் ஜெனிட்டாவைத் தாண்டிப் போய், பின்னால் மஞ்சள் கவுன் போட்டு நின்ற வேறொரு பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஏ தாயி, ஜெனி! எம்புட்டு வளந்துட்ட!"

"நான் பானுப்பிரியா" என்றாள் அந்தப் பெண், மிரண்டு போய்.

பிளாட்பாரமே சிரித்தது. தாத்தாவும் சிரித்தார். "பேத்தியப் பாக்கப் போற சந்தோஷத்துல கண்ணு மண்ணு தெரியல!" என்று சொல்லி, இந்த முறை சரியான பேத்தியைத் தூக்கிக்கொண்டார்.

ஜெனிட்டாவும் சிரித்தாள். ஆனாலும் மனதுக்குள் ஏதோ உறுத்தியது.

சாத்தூர் வீட்டுக்குப் போன பிறகும் தாத்தா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. "வயசாக வயசாக அப்பாவுக்கு ஸ்டைல் கூடுது" என்று அம்மா கேலி செய்தார். "பின்ன? ஃபாரின்ல இருந்து ஆளுக வந்திருக்கீகள்ல" என்றார் தாத்தா.

மறுநாள் ஜோபின் ஒரு படம் வரைந்து தாத்தாவிடம் நீட்டினான். தாத்தா அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அடேயப்பா! ரயில் எவ்வளவு அழகா இருக்கு!"

ஜோபினின் உதடு பிதுங்கியது. "அது ரயில் இல்லை. ஆடு."

"அதத்தான்டா சொல்றேன். ரயில்ல வந்த ஆடு!"

ஜோபின் சமாதானமாகிவிட்டான். ஜெனிட்டா ஆகவில்லை. வாரா வாரம் போனில் பேசும்போதெல்லாம், "ஒங்க போன் கேமரா சரியில்லம்மா, எல்லாம் மங்கலாத் தெரியுது" என்று தாத்தா சொல்வார். அதற்காகவே அம்மா புதுப் போன் வாங்கினார். அதற்கும் தாத்தா அதையேதான் சொன்னார்.

கெட்டுப்போனது போன் இல்லையோ?

அன்று மாலை வாசலில் மாட்டக் காகித ஸ்டார் வாங்குவதற்காகத் தாத்தாவும் அவளும் கடைத்தெருவுக்குப் போனார்கள். தாத்தாவோடு நடப்பது ஒரு ஊர்வலத்தில் நடப்பது போல இருந்தது. "சார், எப்படி இருக்கீக?" என்று ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திக் கேட்டார். பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எழுந்து நின்றார். தாத்தா முப்பது வருடங்கள் அரசு மருத்துவமனையில், தீக்காயம் பட்டவர்களின் வார்டில் நர்ஸாக இருந்தவர். பட்டாசு வேலையும் தீப்பெட்டி வேலையும் நடக்கிற ஊர்களில் அந்த வார்டை அறியாத குடும்பம் குறைவு. ஒவ்வொருவரையும் தாத்தா அவர்கள் குரலை வைத்தே பேர் சொல்லிப் பேசினார்.

ஸ்டார் விற்ற கடைக்காரரின் பெயர் வெள்ளைத்துரை. அவருடைய வலது கை முழங்கை வரை சுருங்கிச் சுருங்கி இருந்தது. ஜெனிட்டா அதைப் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"பயப்படாத பாப்பா. பட்டாசு கம்பெனில வேலை பாக்கையில மருந்து பத்திக்கிட்டு, கை வெந்துபோச்சு. இன்னைக்கு இந்தக் கையால ஒனக்கு ஸ்டார் எடுத்துத் தாரேன்னா, அது ஒங்க தாத்தா பாத்த வைத்தியம்."

"ரொம்ப வலிச்சுதா?"

"கட்டுப் பிரிக்கிற நேரம் உயிரே போயிரும். நான் பல்லக் கடிச்சுக்கிட்டு இருப்பேன். ஆம்பள அழலாமான்னு ஒரு வீறாப்பு. சார் என்ன சொன்னாக தெரியுமா? 'ஏலே வெள்ளைத்துரை, பயத்த உள்ள போட்டு வைக்காத. எனக்குப் பயமா இருக்குன்னு சத்தமாக் கத்து. கத்தி முடிக்கிற வரைக்கும் நான் கட்டத் தொடமாட்டேன்'னாக. நான் கத்துன கத்துல பக்கத்து வார்டே எந்திரிச்சு உக்காந்திருச்சு. பெறகு பாதிப் பயம் போயிருச்சு பாப்பா!"

ஜெனிட்டா தாத்தாவை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த யாரும் இப்படி ஒரு வைத்தியம் பார்த்ததில்லை. அவர் ஸ்டார்களைக் கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, எந்தக் கலர் எடுக்கலாம்?"

"நீயே சொல்லு தாயி. ஒனக்குப் பிடிச்சதுதான் எனக்கும்."

ஜெனிட்டா எடுத்துக் கொடுத்த சிவப்பு ஸ்டாரைத் தாத்தா கையில் பிடித்துக்கொண்டார். சாலையைக் கடக்க நின்றார்கள். ஒரு பக்கம் காலியாக இருந்தது. தாத்தா காலை எடுத்து வைத்தார்.

மறுபக்கமிருந்து லோடு ஏற்றிய வேன் ஒன்று வேகமாக வந்தது.

"தாத்தா!"

ஜெனிட்டா அவர் சட்டையைப் பிடித்து முழுப் பலத்தோடு பின்னால் இழுத்தாள். இருவரும் ஓரத்தில் போய் விழுந்தார்கள். தாத்தாவின் கையிலிருந்து நழுவிய ஸ்டார் மேல் வேனின் சக்கரம் ஏறியது. சரக்கென்று ஒரு சத்தம்.

வேன் நிற்காமல் போய்விட்டது. ஜெனிட்டா தாத்தாவைக் கைப்பிடித்து எழுப்பினாள்.

பஸ் நிறுத்தத்தில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"தாத்தா, உங்களுக்குக் கண் தெரியலை. அப்படித்தானே?"

தாத்தா கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய கண்களின் நடுவில், கறுப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"கண்ணுல புரை விழுந்திருக்கு. ஒரு கண்ணுல சுத்தமாத் தெரியாது. இன்னொண்ணுல பனிக்குள்ள நடக்குற மாதிரி இருக்கும்."

"ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும்னு அம்மா சொல்வாங்களே. அம்மாவோட ஆஸ்பத்திரியில நிறையப் பேர் செய்றாங்க."

"தெரியும். நானும் நர்ஸ்தான."

"அப்புறம் ஏன் செய்யலை?"

தாத்தா கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தார்.

"பயம் தாயி" என்றார் மெதுவாக. "அடுத்தவுக காயத்துக்கு மருந்து வைக்கையில என் கை நடுங்குனதே இல்ல. ஆனா என் கண்ணுக்குள்ள கத்தின்னு நெனச்சாலே குளிர் காய்ச்சல் வருது. அம்மாகிட்டச் சொல்லிராத. ஆச ஆசையா லீவுக்கு வந்திருக்கா. சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்."

ஜெனிட்டா யோசித்தாள். அம்மாவிடம் சொன்னால் தாத்தாவின் முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால்? விடுமுறை முடிந்து அவள் போய்விடுவாள். அடுத்த வேன் வரும்போது சட்டையைப் பிடித்து இழுக்க யார் இருப்பார்கள்?

"சரி தாத்தா. நான் சொல்லமாட்டேன்."

தாத்தா பெருமூச்சு விட்டார்.

"ஆனா ஒண்ணு. வெள்ளைத்துரை மாமாவுக்குக் கொடுத்த வைத்தியத்தை நீங்களும் செய்யணும்."

"எந்த வைத்தியம்?"

"கத்துறது."

தாத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வயசுலயா?"

"அவருக்கு மட்டும் சொன்னீங்கள்ல?"

"சரி, வீட்டுக்கு வா" என்று தாத்தா எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் இருவரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். ஜெனிட்டா தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ம், சொல்லுங்க."

"எனக்குப் பயமா இருக்கு" என்றார் தாத்தா. காற்றில் ஆடிய துணிகளுக்குக்கூட அது கேட்டிருக்காது.

"இது கொசு பேசுற மாதிரி இருக்கு. இன்னும் சத்தமா!"

"எனக்குப் பயமா இருக்கு!"

"இது பூனை. இன்னும்!"

தாத்தா மூச்சை இழுத்துக்கொண்டார்.

"எனக்குப்... பயமா... இருக்குஊஊ!"

மாடிச்சுவரில் இருந்த காக்கைகள் அத்தனையும் பறந்தன. கீழே பாத்திரம் ஒன்று உருண்டது. அம்மா தோசைக் கரண்டியோடு படியேறி ஓடி வந்தார். பின்னால் அப்பாவும், அவருக்குப் பின்னால் பாட்டியும் ஜோபினும். பக்கத்து வீட்டு மாடியில் வீரலட்சுமி அக்காவின் தலை தெரிந்தது.

"என்னாச்சு சார்? பாம்பா?"

"பாம்பெல்லாம் இல்லம்மா" என்றார் தாத்தா, மூச்சு வாங்கியபடி. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பிக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "ஹெப்சி, எனக்குக் கண்ணு தெரியலம்மா. ஆபரேஷனுக்குப் பயமா இருக்கு."

அம்மா கிட்டே வந்து அந்தக் கண்களைப் பார்த்தார். கரண்டி பிடித்த கை அப்படியே தாழ்ந்தது.

"எம்புட்டு நாளாப்பா?"

"ரெண்டு வருசமா" என்று பாட்டி முந்திக்கொண்டு சொன்னார். "ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக. சொல்லாமக் கொள்ளாம எம்புட்டுக் கஷ்டம் தெரியுமா எனக்கு?"

அம்மா திட்டவில்லை. தாத்தாவின் தோளில் சாய்ந்துகொண்டார். "நானும் ஒரு நர்ஸ்தானப்பா. ஒங்களப் பாத்துத்தான இந்த வேலைக்கே வந்தேன்."

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அப்பா மதுரைக்குக் கார் ஏற்பாடு செய்தார். அம்மா கண் மருத்துவமனைக்குப் போன் செய்தார். பரிசோதனைகள் முடிந்தன. முதலில் ஒரு கண்ணுக்குச் செய்யலாம் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார்.

ஆபரேஷன் அறைக்குள் ஜெனிட்டாவை விடவில்லை. பச்சைத் தொப்பி மாட்டி, பொடிப்பையன் மாதிரி இருந்த தாத்தாவிடம் அவள் சொன்னாள்: "பயமா இருந்தா கத்துங்க. எனக்குக் கேட்கும்."

கதவு மூடியது. எல்லோரும் பெஞ்சில் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது.

"எனக்குப் பயமா இருக்கு!"

தொடர்ந்து நர்ஸ்களும் டாக்டரும் சிரிக்கும் சத்தம். அப்புறம் அமைதி.

கண்ணில் கட்டோடு வெளியே வந்த தாத்தா, "பயந்த மாதிரி ஒண்ணுமே இல்ல தாயி! கண்ணு வலிக்கல. கத்துனதுல தொண்டதான் வலிக்குது" என்றார்.

மறுநாள் காலை கட்டுப் பிரிக்கும் நேரம். அன்று தாத்தாவைவிட மற்றவர்கள்தான் அதிகமாகப் பயந்தார்கள். பாட்டி கண்களை மூடிக்கொண்டு ஜெபித்தார். ஜெனிட்டாவால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. பாட்டியின் பையில், டாக்டருக்காக வாங்கி வந்த சாத்தூர் சேவுப் பொட்டலம் இருந்தது. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அதைப் பிரித்து, ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு இன்னொரு கை.

உள்ளே கூப்பிட்டார்கள். நர்ஸ் கட்டை மெதுவாக எடுத்தார்.

தாத்தா இமைத்தார். மறுபடி இமைத்தார். சுவரைப் பார்த்தார். பாட்டியைப் பார்த்து, "ஏ ஜெபராணி, எப்ப இம்புட்டு நரச்சுப் போன?" என்றார்.

"ரெண்டு வருசமா நீங்க படுத்துன பாட்டுலதான்" என்றார் பாட்டி. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தாத்தா அம்மாவைப் பார்த்தார். அப்பாவை, ஜோபினைப் பார்த்தார். கடைசியாக ஜெனிட்டாவைத் தன் முன்னால் நிறுத்தி, முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டார். நெற்றி, புருவம், மூக்கு என்று ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் பார்த்தார். அவர் கண்கள் அவளுடைய உதட்டோரத்தில் வந்து நின்றன.

"இது என்ன?"

"எது தாத்தா?"

"ஏலே, எல்லாரும் இங்கன வாங்க! இந்தப் பிள்ள உதட்டுல சேவுத் தூளு ஒட்டியிருக்கு! அம்புட்டூண்டு தூளு! எனக்குத் தெரியுது!"

பாட்டி பையைத் திறந்து பார்த்தார். பொட்டலம் பாதிதான் இருந்தது.

"ஏ ஜெனிட்டா!"

திருட்டுத்தனம் பிடிபட்டதற்காக ஜெனிட்டா அவ்வளவு சந்தோஷமாகக் குதித்தது அதுவே முதல் தடவை.