நுரை அடங்கிய பிறகு

அப்பாவின் சலூனில் இருந்த பெரிய கண்ணாடிக்கு ஒரு வியாதி. வாடிக்கையாளர் தலையில் தண்ணீர் தெளிக்கும்போதெல்லாம் அதன் மேலும் சில துளிகள் சிதறும். அவை காய்ந்து காய்ந்து, வெள்ளை வெள்ளையாகப் புள்ளி கட்டிவிட்டன. துணியால் துடைத்தால் போகவில்லை. நகத்தால் சுரண்டினால் நகம்தான் தேய்ந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பதறினார்கள்.

"என்னப்பா இது, எனக்கு இவ்வளவு நரையா?" என்றார் பஸ் கண்டக்டர்.

"நரை இல்லண்ணே, கண்ணாடியில கறை," என்றார் அப்பா.

கண்டக்டர் நம்பவில்லை. எதிர்ப்பக்கம் புதிதாகத் திறந்த சலூனுக்குப் போனார். அங்கே கண்ணாடி பளபளத்தது. அதில் பார்த்தால் அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டதாம்.

இப்படி ஒவ்வொருவராகச் சாலையைக் கடந்தார்கள். அப்பா வெறும் காற்றைக் கத்தரியால் வெட்டிக்கொண்டு வாசலைப் பார்த்திருந்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் புகைப்படம் எடுக்கிறார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை அத்தனை பிள்ளைகளும் முடிவெட்ட வருவார்கள்.

"அந்தக் கூட்டமும் எதிர்க்கடைக்கே போச்சுன்னா, கடையைப் பூட்டிட்டு நானும் அங்கேயே வேலைக்குச் சேர வேண்டியதுதான்," என்றார் அப்பா. கண்ணாடி துடைக்கவென்று கடையில் விற்கும் நீலத் திரவத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டார். விலை அதிகமாக இருந்தது. கறை அப்படியே இருந்தது.

இதைக் கேட்டு அவருடைய பத்து வயது மகள் கண்ணாடியை இன்னொரு முறை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அவளுக்குத் 'துருவி' என்று பெயர்.

சனிக்கிழமை காலை மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: தனக்குத் தெரியாததும் சில உண்டு என்பது.

"மாப்ளே, எதுக்குக் காசைக் கொட்டுறீங்க? சமையலறைச் சாமானே போதும். இது வினிகர். இது சமையல் சோடா. ரெண்டையும் சேர்த்தா..." மாமா குரலைத் தாழ்த்தினார். "விஞ்ஞானம்!"

கையோடு ஒரு காலி பாட்டிலும் கொண்டுவந்திருந்தார். அதில் 'மாமா மார்க் அகில உலகத் துப்புரவுத் திரவம்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. திரவம் இன்னும் தயாராகவில்லை. சீட்டு மட்டும் முந்தின நாளே தயார்.

மாமா வாளியில் வினிகரை ஊற்றிச் சோடாவைக் கொட்டினார். புஸ்ஸென்று நுரை பொங்கியது.

"பார்த்தியா துருவி! நுரைன்னா சக்தி!"

"எதுக்கு மாமா நுரைக்குது?"

"அழுக்கைக் கண்டா அதுக்கு அவ்வளவு கோபம்."

"அழுக்கு கண்ணாடியிலதானே இருக்கு? வாளி சுத்தமாத்தானே இருக்கு?"

மாமா இருமினார். பிறகு அவசரமாக நுரையைப் பாட்டிலில் ஊற்றி மூடியை இறுக்கினார்.

டப்!

மூடி பறந்து கூரையில் இடித்தது. மாமாவின் மீசை நுரைக்குள் காணாமல் போனது.

"ஷேவிங் பண்ணிடவா மச்சான்?" என்று கேட்டார் அப்பா.

"இது... இது ஒரு கட்டம்," என்றார் மாமா.

நுரை அடங்கியதும் மிச்சத் தண்ணீரைக் கண்ணாடியில் தடவினார். அது காய்ந்தது. பழைய புள்ளிகளுக்குத் துணையாகப் புதிதாக ஒரு வெள்ளைப் படலமும் வந்து சேர்ந்தது.

"பலன் மெதுவாத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு மாமா டீ குடிக்கப் போனவர், போனவர்தான். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

துருவி வாளியை முகர்ந்து பார்த்தாள். பிறகு வினிகர் பாட்டிலை முகர்ந்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"அப்பா, வினிகர்ல புளிப்பு வாசனை மூக்கைத் துளைக்குது. வாளியில அது இல்லவே இல்ல. எங்க போச்சு?"

"நுரையோட போயிருக்கும்."

"அப்போ சண்டை அழுக்கோட இல்லப்பா. ரெண்டும் தங்களுக்குள்ளயே அடிச்சிக்கிட்டு ஓய்ஞ்சுபோச்சு!"

மூன்று கிண்ணங்கள் எடுத்தாள். ஒன்றில் வினிகரும் தண்ணீரும். இன்னொன்றில் சோடாவும் தண்ணீரும். மூன்றாவதில் வாளித் தண்ணீர். கண்ணாடியின் கீழ் மூலையில் மூன்று இடங்களில் துணியால் தொட்டு வைத்தாள். கொஞ்சம் பொறுத்துத் துடைத்தாள்.

வாளித் தண்ணீர் பட்ட இடம் அப்படியே இருந்தது. சோடா இன்னும் கொஞ்சம் வெள்ளை பூசியது. வினிகர் பட்ட இடத்திலோ, அவளுடைய முட்டி தெளிவாகத் தெரிந்தது!

"அப்பா! என் முட்டி! முட்டியில இருக்கிற தழும்புகூடத் தெரியுது!"

அப்பா எழுந்து வந்து பார்த்தார். சட்டைக் கையை மடித்தார். இருவரும் வினிகர்த் தண்ணீரால் கண்ணாடி முழுவதையும் துடைத்தார்கள். பழைய செய்தித்தாளால் ஈரம் போகத் தேய்த்தார்கள்.

"சோடா வீணாப் போச்சே," என்றார் அப்பா.

துருவி எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த ஒரு சீப்பைச் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தாள். அழுக்குத் தண்ணீர் கறுப்பாக இறங்கியது. அப்பா மற்ற சீப்புகளையும் கொண்டுவந்து போட்டார்.

மாலையில் மாமா தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது.

"வாங்க மாமா. எல்லாம் நீங்க வாங்கிட்டு வந்த சாமான்தான். சேர்க்காம விட்டோம், அவ்வளவுதான்," என்றாள் துருவி. அந்தச் சீட்டையும் உரித்தெடுத்து வினிகர்த் தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்தாள். மாமா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாகக் கண்டக்டரே மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். எதிர்க்கடையில் இடம் இல்லையாம். நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒரு பார்வை பார்த்தவர், "புதுக் கண்ணாடியா? சொல்லவே இல்லையே!" என்றார். வெளியே போய்த் தெரிந்தவர்கள் நாலைந்து பேரை அவரே அழைத்துவந்தார். பத்து மணிக்குள் வரிசை வாசலைத் தாண்டியது.

"எப்படி இப்படி மின்னுது?" என்று யாரோ கேட்டார்கள்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் மாமா முன்னால் வந்தார்.

"வினிகரையும் சோடாவையும் சேர்க்கவே கூடாது. நான் இதை ஆரம்பத்துல இருந்தே சொல்லிட்டிருக்கேன்!"

"எந்த ஆரம்பத்துல இருந்து மாமா?" என்று கேட்டாள் துருவி.

மாமாவின் இரண்டு காதுகளும் மெல்ல மெல்லச் சிவந்ததை, வரிசையில் இருந்த அத்தனை பேரும் கண்ணாடியில் தெளிவாகப் பார்த்தார்கள்.