அவுட் பெஞ்சின் முதல் இடம்

அவுட் ஆனவர்கள் உட்காரும் சிமெண்ட் பெஞ்சில் முதல் இடம் மட்டும் காயவே இல்லை. பூசி இருபது நாளாகிவிட்டது. மேலே தகரக் கூரை, பக்கத்தில் குழாய் கிடையாது, மாசி வெயில் வேறு அரியலூரை வறுத்துக்கொண்டிருந்தது. இருந்தும் ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த அகலத்துக்கு ஈரம். செந்தில்குமார் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது. வியர்வையும் வலி தைலமும் கலந்த வாடை விரலில் ஒட்டிக்கொண்டது.

"தண்ணி ஊத்துனீங்களாண்ணே?"

"காஞ்ச பூச்சுக்கு எதுக்குப்பா ஊத்தப் போறேன்?" என்றார் கொத்தனார் கருப்பண்ணன். "நாலு தடவ தொடச்சுட்டேன். மறுபடி வந்துடுது."

 அது எந்த இடம் என்று செந்தில்குமாருக்குத் தெரியும்.

கல்லங்குறிச்சி சாலையிலிருக்கும் இந்தக் கபடி மைதானம் தொண்ணூற்றைந்தில் வெறும் கருவேலங்காடு. ஊர்க் கபடிக் குழுவின் பையன்களே முள் வெட்டி, சுண்ணாம்புக் கல் பொறுக்கி, ஏரி வண்டல் கொட்டி நிரவினார்கள். தொண்ணூற்றேழில் முதல் போட்டி, செந்தில்குமார்தான் கேப்டன். நெஞ்சில் அடிபட்டு அவுட்டான அறிவரசன், கோட்டுக்கு வெளியே, இப்போது பெஞ்சின் முதல் இடம் இருக்கும் அதே மண்ணில், தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். நம் அணி ஒரு பாயிண்ட் எடுத்தால், முதலில் அவுட் ஆனவன்தான் முதலில் உள்ளே வர வேண்டும். கபடியில் அதுதான் சட்டம். கூப்பிட்டும் அறிவரசன் எழவில்லை. "அசந்துட்டான் போல, அடுத்த ஆளு வாடா" என்று அவனைத் தாண்டிக் கூப்பிட்டவன் செந்தில்குமார்தான். கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆடித் தீர்த்த பிறகுதான் அறிவரசனை எழுப்பப் போனார்கள். உடம்பு சில்லிட்டிருந்தது.

அப்புறம் செந்தில்குமார் குழுவின் செயலாளர் ஆனான். விளக்குக் கம்பம், சுற்றுச்சுவர், இப்போது ஆயிரம் பேர் உட்காரும் கேலரி, எல்லாம் அவன் பிடிவாதத்தில் வந்தவை. பெரம்பலூர்க்காரர்கள் வயிறெரிந்தார்கள். இத்தனை சிமெண்டைக் கொட்டினால் அந்த ஓர் இடம் மூடிவிடும் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தது மட்டும் யாருக்கும் தெரியாது.

கேலரி திறப்பு விழா ஆட்டத்தில் அவன் தம்பி அழகேசன் இறங்கினான். இறங்குமுன் செந்தில்குமார் அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான்.

"அவுட்டானா அந்த ஈரத்துல மட்டும் உக்காராதடா. தள்ளி உக்காரு."

"சரிண்ணே."

மாலை நான்கு மணி. செந்தில்குமார் கேலரியின் உச்சிப் படியில் மைக்கோடு உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் குழுத் தலைவர் செல்லப்பன். கீழே படிகளில் கால் வைக்க இடமில்லாமல் கூட்டம். இரண்டாவது நிமிடமே அழகேசன் அவுட். பெஞ்சுக்குப் போனான், ஈரத்தைப் பார்த்தான், அண்ணன் சொன்னபடி முதல் இடத்தை விட்டுவிட்டு இரண்டாவது இடத்தில் உட்கார்ந்தான்.

அடுத்துப் பாடிப் போனவன் அணிக்கு ஒரு பாயிண்ட் எடுத்தான். விசில் காதைப் பிளந்தது.

அப்போதுதான் செந்தில்குமாருக்கு உறைத்தது. முதல் இடத்தில் இருப்பவன்தான் முதலில் உள்ளே வருவான். தம்பியை இரண்டாவதாக உட்கார வைத்தது அவனேதான்.

அழகேசன் எழவில்லை.

செந்தில்குமார் களத்தில் தன் அணி ஆட்களை எண்ணினான். தம்பி பெஞ்சில், ஆறு பேர்தான் இருக்க வேண்டும். ஏழு. மறுபடி எண்ணினான். ஏழுதான். ஏழாமவன் முதுகைக் காட்டி நின்றான்.

"அழகு! எந்திரிடா!"

மைக் கீச்சிட்டு அடங்கியது. கீழே ஓடப் பார்த்தான். வழி இல்லை. தோள்கள், முழங்கால்கள், சிரிப்புகள். யாரும் நகரவில்லை.

ஏழாமவன் நடுக்கோட்டைத் தாண்டினான்.

கபடி கபடி கபடி கபடி.

அழகேசனின் குரல்.

"உன் தம்பி என்னமா பாடுறான் பாருய்யா!" செல்லப்பன் அவன் தொடையில் தட்டினார். "மூச்சே விட மாட்டேங்குறான்!"

பெஞ்சில் அழகேசனின் வாய் மூடியிருந்தது. நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை. தலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கவிழ்ந்துகொண்டிருந்தது.

கபடி கபடி கபடி.

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.