'காலஞ்சென்ற' விடுபட்டுள்ளது

அப்பாவின் மணிவிழா அழைப்பிதழில் 'வேணி நடராஜ்' என்று தன் பெயரை அடித்ததும் அதன் கீழே சிவப்புக் கோடு விழுந்தது.

பாளையங்கோட்டையில் வேணியும் கணவன் நடராஜும் நடத்தும் அச்சுக்கடை அது. ஐப்பசி மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருந்தது. காகிதக் கட்டுகளின் ஈர வாடையைத் தாண்டி, உள்ளறையில் தங்கை பிருந்தா போடும் டீயின் ஏலக்காய் மணம் வந்தது. இன்று ஏலக்காய் கொஞ்சம் அதிகம்.

கணினியில் அட்டைகள் அடிக்கும் எடிட்டரில் பிழைதிருத்தி கிடையாது. வேணியே ஒரு சிறு நிரல் எழுதிச் சேர்த்திருந்தாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொற்பட்டியலில் அது தேடும். இல்லாவிட்டால் கோடு போடும். போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகையில், இறந்துபோன தாத்தாவின் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற' விட்டுப்போய் வீட்டுக்காரர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். அதனால் இன்று காலையில்தான் நிரலுக்கு இன்னொரு வேலை கொடுத்தாள். கணினியில் சேமித்த அட்டைகளையெல்லாம் படித்து, யார் பெயருக்கு முன் அந்தச் சொல் வந்திருக்கிறதோ, அவர் பெயருக்கு முன் அது விடுபட்டால் கோடு போட்டுச் சொல்லும்.

இப்போது சொல்லியது.

'காலஞ்சென்ற' விடுபட்டுள்ளது. சேர்க்கவா?

வேணிக்குச் சிரிப்பு வந்தது. "ஏட்டி பிருந்தா! இந்தப் பொட்டி என்னையச் செத்துட்டேன்னு சொல்லுது!"

உள்ளே டம்ளரில் கலக்கிய கரண்டிச் சத்தம் நின்றது.

"அப்படியாக்கா?" உள்ளிருந்து குரல் வந்தது. "அதை விடு. டீ கொண்டாரேன், குடிச்சிட்டுப் பாரு."

எந்த அட்டையில் படித்தது என்று காட்டவும் ஒரு விசை வைத்திருந்தாள். அதை அழுத்தினாள்.

கருமாதி அழைப்பு. நடுவில் அவளுடைய புகைப்படம், அதன் அடியில் 'காலஞ்சென்ற வேணி நடராஜ்'. மறைந்த நாள் என்று இன்றைய தேதி. கீழே, கண்ணீருடன் அழைக்கும் கணவர் நடராஜ், தங்கை பிருந்தா.

நடராஜுக்குத் தமிழ்த் தட்டச்சு தெரியாது. இந்தக் கடையில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். பிருந்தாவின் விரல்களைப் பிடித்து விசைகள்மேல் வைத்துச் சொல்லிக்கொடுத்தவளே வேணிதான்.

வாசலில் ஷட்டர் இறங்கியது. பாதி. முழுவதும். தெருச் சத்தம் அடங்கிப்போனது.

"அத்தான், பூட்டியாச்சா?"

"ஆச்சு."

ஏலக்காய் மணம். முதுகுக்குப் பின்னால். மிக அருகில்.

டம்ளர் மேசையில் அமர்ந்தது. வேணியின் தோளுக்கு மேலாக வளையல் கை நீண்டது. பிருந்தா திரையைப் படித்தாள். மறுபடி மணிவிழா அழைப்பிதழைத் திரையில் கொண்டுவந்தாள். கேள்வி இன்னும் காத்திருந்தது.

சேர்க்கவா?

அந்த விரல், சொல்லிக்கொடுத்தபடியே, பைய அழுத்தியது.

சிவப்புக் கோடு மறைந்தது.